ஆன்லைன் ஆர்ட் கோர்ஸ்: முதல் வாரத்துல என்ன எழுதுறது?

[எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சொற்களை நீக்கி, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.]

புது செமஸ்டர் தொடங்கியாச்சு. எலெக்டிவ் லிஸ்ட்ல 'ஆர்ட் அப்ரிசியேஷன்', 'இந்தியக் கலை அறிமுகம்' மாதிரி ஏதோ ஒண்ணைப் பார்த்திருப்பீங்க. லேப் இல்ல, கணக்கு இல்ல, ஆன்லைன்லயே முடிஞ்சுடும்னு டிக் பண்ணியிருப்பீங்க. லாகின் பண்ணிப் பார்த்தா முதல் வாரமே ஒரு படம். அதுக்குக் கீழே, இந்தப் படைப்பைப் பத்தி 200 சொல்லுக்குள்ள எழுதணும், கூடப் படிக்கிற ரெண்டு பேருக்குப் பதிலும் போடணும்னு இருக்கும். கடைசி நேரம் ஞாயித்துக்கிழமை ராத்திரி 11:59.

அந்த இடத்துலதான் நிறைய பேர் நின்னுடறாங்க. "எனக்கு ஆர்ட் பத்தி ஒண்ணுமே தெரியாதே, நான் என்னத்த எழுதுறது?" இன்னைக்கு எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்விக்குத்தான்.

நம்ம பதில் சின்னது. முதல்ல உங்க கண்ணுல பட்டதை எழுதுங்க. அது நல்லா இருக்கா, என்ன அர்த்தம், யார் என்ன சொல்லியிருக்காங்க, இதெல்லாம் அப்புறம். கேட்க ரொம்ப சாதாரணமா இருக்கும். ஆனா நடைமுறையில முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாத்தான் செய்றாங்க.

தரமணியைச் சுத்தி ஒரு நோட்டம்

நாம தரமணியில உட்கார்ந்து பேசுறோம் இல்லையா, அதனால ஒரு விஷயம். ஓ.எம்.ஆர்.னு சொன்னாலே எல்லாருக்கும் டைடல் பார்க்தான் ஞாபகம் வரும். ஆனா இதே தரமணிக்குள்ள எம்.ஜி.ஆர். பேர்ல இயங்குற திரைப்படக் கல்லூரி இருக்கு, ஃபேஷன் டிசைன் சொல்லித் தர்ற நிஃப்ட் இருக்கு, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு. கொஞ்சம் தள்ளி ஐஐடி மெட்ராஸ். இந்தியாவுல ஆன்லைன் காலேஜ் கோர்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வர்ற என்பிடெல்லை ஒருங்கிணைக்கிறது அங்கிருந்துதான். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம் அது. 2014-ல் சான்றிதழோடு கோர்ஸ் நடத்த ஆரம்பிச்சாங்க. 2017 ஜூலையில் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. இப்போ என்பிடெல் கோர்ஸ்களையும் அதுலதான் எடுக்கிறோம்.

என்பிடெல்னா இன்ஜினியரிங் மட்டும்தான்னு ஒரு நினைப்பு இருக்கு. அப்படி இல்லை. ஹியூமானிட்டீஸ் பட்டியலைத் திறந்து பாருங்க, கலை வரலாறு, சினிமா, அழகியல் எல்லாம் இருக்கும். ஒரு செமஸ்டர்ல எடுக்க வேண்டிய பாடங்கள்ல 40 சதவீதம் வரைக்கும் ஸ்வயம் வழியா எடுக்கலாம்னு யுஜிசி 2021-ல் விதி கொண்டுவந்தது. உங்க காலேஜ் அதை எவ்வளவு தூரம் ஏத்துக்குதுங்கிறது வேற கதை. டிபார்ட்மென்ட்ல கேட்டு உறுதி பண்ணிட்டு என்ரோல் பண்ணுங்க. முடிச்சப்புறம் கிரெடிட் கிடைக்கலைன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

உங்க கோர்ஸ் எந்த வகை?

எழுத உட்கார்றதுக்கு முன்னாடி, மார்க் எங்கிருந்து வருதுன்னு பார்த்துடுங்க. என்பிடெல் வகைக் கோர்ஸ்ல வாராந்திர அசைன்மென்டுக்கு 25, நேர்ல போய் எழுதுற தேர்வுக்கு 75. சான்றிதழ் வேணும்னா 25-க்குக் குறைஞ்சது 10, 75-க்குக் குறைஞ்சது 30 எடுக்கணும். சேர்றதுக்குக் காசு இல்லை, தேர்வு எழுதுறதுக்குத்தான் கட்டணம். கோர்ஸ் பக்கத்துலயே எல்லாம் போட்டிருப்பாங்க. அது மாறவும் மாறும், அதனால ஒருதடவை நீங்களே படிச்சுடுங்க.

ஸ்வயம் கோர்ஸுக்கு நாலு பாகம் இருக்கணும்னு ஆரம்பத்துலயே வகுத்து வெச்சிருக்காங்க. வீடியோ, படிக்கிற பாடம், தன்னைத்தானே சோதிச்சுக்கிற தேர்வு, நாலாவதா விவாதம். நாலுல ஒண்ணு விவாதம்ங்கிறதை அடிக்கோடு போட்டுக்கோங்க. மத்த மூணும் நீங்க மட்டும் உட்கார்ந்து முடிச்சுடலாம். இதுக்கு மட்டும்தான் இன்னொரு ஆள் வேணும். பெரும்பாலும் இதுக்குத் தனி மார்க் கிடையாது, அதனால முதல்ல கைவிடப்படுறதும் இதுதான்.

இன்னொரு வகைக் கோர்ஸ் இருக்கு. காலேஜே மூடில், கேன்வாஸ் மாதிரி ஒண்ணுல நடத்துறது, இல்லைன்னா வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக் கோர்ஸ். அங்க விவாதத்துக்கே மார்க் உண்டு. நீங்க எழுதுறதுதான் உங்க அட்டெண்டன்ஸ், அதுவேதான் பரீட்சையும்.

மூடில் பத்தி ஒரு குட்டிக் கதை. அதை உருவாக்கின மார்ட்டின் டூகியமாஸ் ஆஸ்திரேலியாவோட மேற்குப் பாலைவனப் பகுதியில வளர்ந்தவர். பக்கத்துல பள்ளிக்கூடம் கிடையாது. ரேடியோ வழியா பாடம் கேட்டுத்தான் படிச்சார். அப்படி வளர்ந்தவர் 2002-ல் வெளியிட்ட மென்பொருள்ல, மாணவர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசுறதுக்கு முக்கியமான இடம் கொடுத்திருந்ததுல ஆச்சரியம் இல்லை. அந்த மூடில்ல 'கேள்வி-பதில்'னு ஒரு வகை விவாதம் இருக்கு. உங்க பதிலை நீங்க போடுற வரைக்கும் மத்தவங்க எழுதினதை அது காட்டாது. கேன்வாஸ்லயும் இதே மாதிரி ஒரு அமைப்பு உண்டு. காப்பி அடிப்பீங்கன்னு சந்தேகப்பட்டு மட்டும் வெச்சதில்லை அது. ஒரு படத்தைப் பத்தி நாலு பேர் எழுதினதைப் படிச்சுட்டா, அஞ்சாவது ஆளுக்கு அந்த நாலு பேர் பார்த்ததுதான் கண்ணுக்குத் தெரியும்.

உங்க தளத்துல இந்தப் பூட்டு இல்லைன்னா நீங்களே போட்டுக்கோங்க. அதாவது, எழுதி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க பதிவுக்குப் போகாதீங்க.

நடராசரைப் பார்க்காம நடராசரைப் பத்தி எழுதினவர்

"நேர்ல பார்க்காம, ஸ்கிரீன்ல பார்த்து என்னத்த எழுதுறது?" இது நியாயமான கேள்வி. ஆனா இதுக்கு நம்ம ஊரோட சம்பந்தப்பட்ட ஒரு பதில் இருக்கு.

பிரெஞ்சுச் சிற்பி ரோடான் தெரியும்ல, தாடையில கை வெச்சு யோசிக்கிற ஆள் சிலையைச் செஞ்சவர். அவர் 1913-ல் சிவ நடனத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். எந்த நடராசர்? நம்ம எழும்பூர் அருங்காட்சியகத்துல இருக்கிற சோழர் கால வெண்கலம். ரோடான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் கையில இருந்தது புகைப்படங்கள் மட்டும்தான், அதுவும் கறுப்பு-வெள்ளை. அந்தக் கட்டுரை 1921-ல், அவர் இறந்து நாலு வருஷம் கழிச்சு அச்சுல வந்தது.

அவருக்குச் சைவ சித்தாந்தம் தெரியாது, தில்லைப் புராணம் தெரியாது. அதனால அவர் கண்ணு போன வழியிலயே எழுதினார். உதடு, பக்கவாட்டு முகம், கை, கால்னு ஒவ்வொரு இடமா நின்னு நின்னு பார்த்தார். இன்னைக்கு நீங்க ஸ்கிரீன்ல ஒரு படத்தைப் பார்த்து எழுதுறீங்களே, கிட்டத்தட்ட அதே நிலைமைதான். தூரத்துல ஒரு பொருள், கையில அதோட படம், பக்கத்துல விளக்கிச் சொல்ல ஆள் இல்லை.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. ரோடானுக்குத் தெரியாத ஒண்ணு உங்களுக்குத் தெரியும். எழும்பூர்ல இருக்கிற திருவாலங்காட்டு நடராசரைப் பார்த்தா, கோயில்லயும் காலண்டர்லயும் நடராசரைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் உடனே ஒண்ணு உறுத்தும். சுத்தி இருக்கிற அந்த நெருப்பு வட்டம், திருவாசி, எங்க? ரெண்டு பக்கமும் விரிஞ்சு பறக்கிற சடை எங்க? அந்தச் சிலையில ரெண்டும் இல்லை. இப்போ யோசிங்க. வட்டம் இல்லாம பார்க்கும்போது உருவத்தோட ஆட்டம் கூடுதலாத் தெரியுதா, குறைவாத் தெரியுதா? இது அருமையான முதல் பதிவு. இதை எழுத எந்தப் புத்தகமும் வேணாம். 'இல்லாததைக் கவனிக்கிறது' கலை வரலாற்றுக்காரங்க மதிக்கிற திறமை. உங்களுக்கு அது வந்தது பூஜை அறையிலிருந்து.

இந்த விஷயத்தை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். 'எனக்கு ஆர்ட் தெரியாது'ன்னு சொல்றவங்க வீட்டு வாசல்ல அம்மா சிக்குக் கோலம் போட்டிருப்பாங்க. புள்ளியை எண்ணி, இழை எங்க வளையணும், எங்க முடியணும்னு பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு 'சிமெட்ரி'ங்கிற வார்த்தைதான் புதுசு, விஷயம் புதுசு இல்லை. அண்ணா சாலை தியேட்டர் வாசல்ல கையால வரைஞ்ச பேனர் எப்படி இருந்துச்சுன்னு உங்க அப்பாவைக் கேளுங்க. முகத்துல எங்க இளஞ்சிவப்பு அடிப்பாங்க, எங்க நீலம் அடிப்பாங்கன்னு சொல்வார். அதுவும் நிறத்தைப் பத்தின பேச்சுதான்.

முதல் வாரத்துல 'உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்'னு ஒண்ணு வரும். அதுல பேரு, டிபார்ட்மென்ட், ஹாபினு எழுதினா யாரும் பதில் போட மாட்டாங்க. அதுக்குப் பதிலா நீங்க தினமும் பார்த்து வளர்ந்த ஒரு படத்தைப் பத்தி நாலு வரி எழுதுங்க. வீட்டுக் காலண்டர் முருகனா இருக்கலாம், லாரிக்குப் பின்னாடி வரைஞ்ச கண்ணா இருக்கலாம். இதை யாராவது கலைன்னு மதிப்பாங்களான்னு தயங்குறவங்களுக்காக ஒரு தகவல். முன்னாடி சொன்னேனே ரோஜா முத்தையா நூலகம், அதுக்கு அடிப்படையான சேகரிப்பை உருவாக்கின கோட்டையூர் முத்தையா செட்டியார் ஒரு சைன்போர்டு ஓவியர். புத்தகத்தோட சேர்த்து நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ்னு மத்தவங்க தூக்கிப் போட்டதையும் சேர்த்து வெச்சார். அவர் காலத்துக்கு அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது தமிழ்நாட்டுலயே இருக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணி, 1994-ல் நூலகமா மாறுச்சு. இன்னைக்கு உலகத்தோட பல மூலையிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் தரமணிக்கு வந்து அந்த நோட்டீஸ்களைப் பார்த்துட்டுப் போறாங்க.

ஒரு பதிவை எழுதிப் பார்ப்போம்

உதாரணத்துக்கு மெரினாவுல இருக்கிற உழைப்பாளர் சிலையை எடுத்துக்குவோம். சென்னைக்காரங்க எல்லாரும் பார்த்திருப்பாங்க, ஆனா பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியா.

வழக்கமா வர்ற பதிவு இப்படி இருக்கும்: "இது உழைப்பின் பெருமையைச் சொல்லும் அற்புதமான சிலை. தொழிலாளர்களின் வியர்வையைச் சிற்பி தத்ரூபமாக வடித்துள்ளார். பார்ப்பவர் மனதில் உத்வேகம் ஏற்படுகிறது." தப்புன்னு சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா இதுல 'உழைப்பு'ன்னு இருக்கிற இடத்துல 'தாய்மை'ன்னு மாத்திட்டா, உலகத்துல இருக்கிற எந்த அம்மா சிலைக்கும் பொருந்திடும். எழுதினவர் சிலையைப் பார்த்தாரா, பேரை மட்டும் படிச்சாரான்னே தெரியாது.

இப்போ கண்ணுல இருந்து ஆரம்பிப்போம். நாலு ஆண்கள். ஒரு பாறை. கையில கட்டைகள், அதை வெச்சு நெம்புறாங்க. இடுப்புத் துணியைத் தவிர உடம்புல பெருசா ஒண்ணும் இல்லை, அதனால தசை எங்க இறுகுது, எங்க முறுக்கிக்குதுன்னு மறைக்காம தெரியுது. கால்கள் தரையில ஊன்றியிருக்கு, உடம்பு சாஞ்சிருக்கு. யாரும் நிமிர்ந்து நிக்கலை. இவ்வளவுதான், அஞ்சாறு வாக்கியம். இதுல 'அழகு' இல்லை, 'அற்புதம்' இல்லை. ஆனா படிக்கிறவருக்குச் சிலை தெரியும்.

அடுத்து இதுலிருந்து ஒரு கேள்வி வரணும். ஆங்கிலத்துல இந்தச் சிலைக்கு 'ட்ரையம்ஃப் ஆஃப் லேபர்'னு பேரு, உழைப்பின் வெற்றி. ஆனா சிலையில வேலை இன்னும் முடியலையே! நெம்பிக்கிட்டுதானே இருக்காங்க? அப்போ வெற்றி எங்க இருக்கு? பாறை நகர்ந்தப்புறம் கையைத் தூக்கி நிக்கிற மாதிரி செஞ்சிருக்கலாமே, சிற்பி ஏன் இந்த நொடியைத் தேர்ந்தெடுத்தார்? பாருங்க, விவாதம் ஆரம்பிச்சாச்சு. இதுக்கு ரெண்டு பேர் ரெண்டு விதமாப் பதில் சொல்ல முடியும், ரெண்டு பேருமே சிலையைக் காட்டித்தான் பேச முடியும்.

வரலாறு இதுக்கு அப்புறம் வரட்டும். செஞ்சவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர்ங்கிற மருத்துவர் சென்னையில தொடங்கின கலைப் பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவரா வந்தவர். அதுதான் இன்னைக்கு எழும்பூர்ப் பக்கம் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரி. சிலை திறக்கப்பட்டது 1959 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முதல் நாள். சிற்பிக்கு மாதிரியா நின்னவங்கள்ல ஒருத்தர் அந்தக் கல்லூரியோட இரவுக் காவலர். இந்தத் தகவலைத் தெரிஞ்சுக்கிட்டு மறுபடி சிலையைப் பாருங்க. 'உழைப்பாளர்'ங்கிற பொது உருவமா இருந்தது, ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு வந்து நிக்கிற ஒரு ஆளா மாறும். தகவலுக்கு வேலை அதுதான், பார்வையை நகர்த்தணும். பார்க்குறதுக்கு முன்னாடியே தகவலை அடுக்கினா அது வெறும் விக்கிபீடியா.

ஒரு எச்சரிக்கை. இந்தியாவுல முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடினது இதே சென்னைக் கடற்கரையிலதான். உடனே, "அதனாலதான் இங்கே சிலை வெச்சாங்க"ன்னு எழுதக் கை துறுதுறுக்கும். ரெண்டுக்கும் நடுவுல 36 வருஷம் இருக்கு. ஆதாரம் கையில இருந்தா எழுதுங்க. இல்லைன்னா, "இந்தக் கடற்கரைக்கு இப்படி ஒரு நினைவும் உண்டு, அது தெரிஞ்சவங்களுக்குச் சிலை வேற மாதிரி தெரியலாம்"னு எழுதுங்க. ரெண்டு வாக்கியத்துக்கும் வித்தியாசம் தெரியுதா? முதலாவது ஒரு காரணத்தை அடிச்சுச் சொல்லுது. ரெண்டாவது பார்வையாளரைப் பத்திப் பேசுது. திருத்துறவர் முதலாவதுக்குப் பக்கத்துல கேள்விக்குறி போடுவார்.

எவ்வளவு நேரம் பார்க்கணும்?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துல பார்வையாளர்கள் ஒரு ஓவியத்துக்கு முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கிறாங்கன்னு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2001-ல் வெளிவந்தது. சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிகூட நிக்கலை. அவ்வளவு செலவு பண்ணி நேர்ல போனவங்களே அப்படின்னா, ரீல்ஸுக்கும் ரீல்ஸுக்கும் நடுவுல படத்தைத் திறக்கிற நாம எம்மாத்திரம்.

இதுக்கு நேர் எதிர்முனையில ஹார்வர்டு பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் இருக்கார். கட்டுரை எழுதப்போற ஓவியத்துக்கு முன்னாடி மூணு மணி நேரம் உட்காரணும்னு மாணவர்கள்கிட்ட சொல்றவர். அவரே ஒரு ஓவியத்துக்கு முன்னாடி உட்கார்ந்து பார்த்ததை 2013-ல் எழுதினார். காப்லி வரைஞ்ச, செல்ல அணிலோட ஒரு பையன் இருக்கிற படம். பையனோட காது வடிவமும் அணில் வயித்துப் பக்கத்து ரோமத்தோட வடிவமும் ஒண்ணையொண்ணு ஒத்திருக்குன்னு அவருக்குப் பிடிபடவே ஒன்பது நிமிஷம் ஆச்சாம். வேலையே இதுதான்னு இருக்கிறவருக்கு ஒன்பது நிமிஷம்!

மூணு மணி நேரமெல்லாம் உங்களைக் கேட்கலை. பதினஞ்சு நிமிஷம். ஃபோன்ல டைமர் வெச்சுட்டு, நோட்டுல கையால எழுதுங்க. மூணாவது நிமிஷத்துல போரடிக்கும். ஏழாவது நிமிஷத்துல, "இனி ஒண்ணும் இல்லை"ன்னு நிச்சயமாத் தோணும். அதுக்கு அப்புறம் கண்ணுல படுறதுதான் மத்த அறுபது பேரும் எழுதாத விஷயம்.

படத்தைப் பெருசாப் பாருங்க, முடிஞ்சா லேப்டாப்லயோ காலேஜ் லைப்ரரி கம்ப்யூட்டர்லயோ. ஃபோன் ஸ்கிரீன்ல தாலியில இருக்கிற சின்ன உருவமும் மகாபலிபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையும் ஒரே அளவு. அதனால படத்துக்குக் கீழே அளவு போட்டிருந்தா அதை முதல்ல படிச்சு, சுவத்துல கையை விரிச்சு அளந்து பாருங்க. ஆள் உயரமா, உள்ளங்கை அளவான்னு தெரிஞ்சா எழுதுறதே மாறிடும். நிறத்தைப் பத்தி அடிச்சுப் பேசாதீங்க, அது உங்க ஸ்கிரீனோட நிறமாவும் இருக்கலாம். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-லிருந்து லட்சக்கணக்கான படங்களை யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம்னு திறந்து விட்டிருக்கு. கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்ல தூரிகைத் தடம் தெரியுற வரைக்கும் ஸூம் பண்ண முடியும். ஸ்க்ரீன்ஷாட்டோட ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து எழுதாதீங்க.

பதில் போடுறது தனிக் கலை

"சூப்பர் போஸ்ட், உங்க கருத்தோட முழுசா ஒத்துப்போறேன்." இப்படிப் பதில் வந்தா சந்தோஷமா இருக்கும், ஆனா பேச்சு அங்கேயே முடிஞ்சுடும்.

அமெரிக்காவுல அபிகேல் ஹௌசன்னு ஒரு உளவியலாளரும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தோட கல்விப் பிரிவுல இருந்த ஃபிலிப் யெனவைனும் சேர்ந்து படம் பார்க்கச் சொல்லித்தர ஒரு முறை உருவாக்கினாங்க. மொத்தமே மூணு கேள்வி: இதுல என்ன நடக்குது, எதை வெச்சு அப்படிச் சொல்றே, வேற என்ன தெரியுது. பதில் எழுதும்போது நடுவுல இருக்கிற அந்த ரெண்டாவது கேள்வியை மரியாதையாக் கேட்டாலே போதும். "நாலு பேரும் ஒரே மாதிரி இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க, எந்த இடத்தை வெச்சு அப்படித் தோணுச்சு? எனக்கு ஒவ்வொருத்தர் முதுகும் வேற வேற கோணத்துல வளையுற மாதிரி தெரியுது." இதுல சண்டை இல்லை, ஜால்ராவும் இல்லை. ரெண்டு பேரும் திரும்பப் போய்ச் சிலையைப் பார்ப்பாங்க.

முரண்படப் பயப்படுறவங்க நிறைய. சீனியர் எழுதியிருக்கார், சார் பார்ப்பார்னு ஒரு தயக்கம். ஆளைப் பத்திப் பேசாம படத்தைப் பத்தியே பேசுற வரைக்கும் யாருக்கும் உறுத்தாது. 'நீங்க சொல்றது தப்பு'ங்கிறதுக்கும் 'எனக்கு அந்தக் கை வேற மாதிரி படுது'ங்கிறதுக்கும் நடுவுல ஒரு செமஸ்டரே இருக்கு.

உங்களுக்கு ஒரு படம் பிடிக்கலைன்னா அதையும் எழுதலாம். ஆனா பிடிக்காததுக்குக் காரணம் படத்துக்குள்ள இருக்கணும். கே.சி.எஸ். பணிக்கரோட 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பார்த்தா நிறைய பேருக்கு எரிச்சல் வரும். எழுத்து மாதிரி இருக்கும், ஆனா படிக்க முடியாது. "ஒண்ணும் புரியலை"ன்னு எழுதிட்டுப் போகாதீங்க. "படிக்க முடியும்னு ஆசை காட்டிட்டுப் படிக்க விடமாட்டேங்குது"ன்னு எழுதுங்க. நீங்க திட்டினதாத்தான் நினைப்பீங்க, ஆனா அந்த ஓவியத்தைப் பத்திச் சரியான ஒண்ணைச் சொல்லியிருப்பீங்க. ராய் சவுத்ரிக்கு அப்புறம் கலைக் கல்லூரியை நடத்தினவர் பணிக்கர். 1966-ல் ஓவியர்களோட சேர்ந்து அவர் தொடங்கின சோழமண்டலம் கலைக் கிராமம் ஈசிஆர்ல ஈஞ்சம்பாக்கத்துல இருக்கு. தரமணியிலிருந்து ரொம்ப தூரமில்லை.

இங்கிலீஷ், அப்புறம் ஏஐ

ரெண்டையும் சேர்த்தே பேசுறேன், ஏன்னா ரெண்டாவது பிரச்சினை முதலாவதுலிருந்துதான் வருது. கோர்ஸ் இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு எழுதக் கூச்சம், அதனால படத்தை ஏஐ-கிட்ட கொடுத்து எழுதி வாங்கிடறாங்க. வர்றது நல்ல இங்கிலீஷ்தான். ஆனா அந்தப் படத்தைப் பத்திப் பொதுவா எல்லாரும் சொல்றதோட சாரமா இருக்கும். ஒரே வகுப்புல பத்து பேர் இப்படிப் பண்ணினா பத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆசிரியருக்கு அது முதல் வாரமே தெரிஞ்சுடும். பல கோர்ஸ்கள்ல இது விதிமீறலும்கூட.

அதுக்குப் பதிலா, அந்தப் பதினஞ்சு நிமிஷக் குறிப்பைத் தமிழ்லயே எழுதுங்க. குந்தியிருக்கிறதும் ஒருக்களிச்சுச் சாஞ்சிருக்கிறதும் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறதும் தமிழ்ல உங்களுக்கு யோசிக்காம வரும். அப்புறம் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா மாத்துங்க. இலக்கணத்தைச் சரிபார்க்க உதவி கேட்கலாமான்னு கோர்ஸ் விதியைப் பாருங்க, அனுமதி இருந்தா அதுக்கு மட்டும் கேளுங்க. பொருத்தமான இங்கிலீஷ் வார்த்தை இல்லைன்னா 'திருவாசி'யை அப்படியே எழுதி, அது என்னன்னு ஒரு வரி சேர்த்துடுங்க. விவாதத்துல இருக்கிற மத்தவங்களுக்கு அது புது வார்த்தை, கேள்வி கேட்க ஒரு சாக்கு.

வாரத்தை எப்படிப் பிரிச்சுக்கிறதுன்னு கேட்டா, திங்கள் செவ்வாய்ல வீடியோ பார்த்துட்டு, புதன் ராத்திரிக்குள்ள உங்க பதிவைப் போட்டுடுங்க. ஞாயித்துக்கிழமை 11:50-க்குப் போட்டா படிக்க ஆள் இருக்காது, பதிலும் வராது. வெள்ளி, சனியில மத்தவங்களுக்குப் பதில். திங்கள்கிழமை திரும்பிப் போய், உங்களுக்கு யாராவது பதில் போட்டிருந்தா ஒரு வரியாவது எழுதுங்க. அதுக்கு மார்க் இருக்காது, ஆனா அந்த ஆள் அடுத்த வாரமும் உங்ககிட்ட பேச வருவார்.

நேர்ல பார்க்கணும்னு தோணுதா? தரமணி ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்துல இறங்கி, கடற்கரைப் பக்கம் நடந்தா உழைப்பாளர் சிலை. வெயில் சாஞ்சப்புறம் போங்க, தசையெல்லாம் நிழலோட சேர்ந்து நல்லாத் தெரியும். நடராசருக்கு எழும்பூர் அருங்காட்சியகத்துல வெண்கலக் கூடம். வெள்ளிக்கிழமை மட்டும் போயிடாதீங்க, அன்னைக்கு லீவு.